தளர்ந்த இதயமும் சோர்ந்த மனமும்



செல்லூரில் நாற்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்து உழைத்த முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. இதயம் போதிய அளவு இரத்தத்தை இறைக்கவில்லை என்று கூறிய மருத்துவர், சிறுநீர் பெருக்கும் மாத்திரை உள்ளிட்ட மருந்துகளை எழுதித் தருகிறார். சில வாரங்களில் வீக்கம் வடிகிறது. ஆயினும் பெரியவர் திண்ணைக்கு வருவதில்லை, பேரனோடு பேசுவதில்லை, விடியுமுன்னரே விழித்துக் கிடக்கிறார். "வயதாகிவிட்டது, நோயும் வந்துவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் அமைதி அடைகின்றனர்.

இடர் அங்கேதான் தொடங்குகிறது. அயர்வும் உறக்கமின்மையும் பசியின்மையும் இதயத் தளர்ச்சிக்கும் உண்டு, மனச்சோர்வுக்கும் உண்டு. ஆகவே பின்னது முன்னதன் நிழலில் மறைந்துகொள்கிறது. இதயத் தளர்ச்சி உடையோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகவும், அத்தகையோர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்றும் 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர் கண்டனர். மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுவார். உப்பைக் குறைக்க முயலார். நாள்தோறும் எடை பார்க்கமாட்டார்.

அடையாளம் காண இரு வினாக்கள் போதும். கடந்த இரு வாரங்களில் எதிலும் ஆர்வமின்றி இருந்தாரா? துயரமோ நம்பிக்கையிழப்போ மனத்தை அழுத்தியதா? "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற சொல் வாயில் வந்தால், அதை வெறும் புலம்பலாகக் கொள்ளலாகாது; அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவம் எவ்வாறு? மாத்திரை மட்டும் தந்தால் தீரும் என்றுதான் முன்னர் பலரும் எண்ணினர். செர்ட்ராலின் மருந்தை 469 பேரிடம் சோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்விலும், எஸ்சிட்டலோபிராம் மருந்தை 372 பேரிடம் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்விலும், வெற்று மாத்திரை உண்டவரைவிட மருந்துண்டவர் மிகுதியாகத் தேறவில்லை. முதல் ஆய்வில் இரு பிரிவினருக்கும் செவிலியர் துணை கிடைத்தது. இரு பிரிவினரும் தேறினர் என்பதே அதில் சுவையான செய்தி. 158 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வோ தெளிவான விடை தந்தது. எண்ணப் போக்கையும் அன்றாட நடத்தையையும் சீர்செய்யும் உரையாடல் சிகிச்சை பெற்றோரில் 100-க்கு 46 பேர் ஆறு மாதத்தில் மீண்டனர். பெறாதோரில் 19 பேரே. மருத்துவர் வகுத்த அளவில் நடைப்பயிற்சி செய்வதும் சிறிதளவு உதவுகிறது.

இதனால் மருந்தே வேண்டா என்று முடிவு கட்டலாகாது. கடும் சோர்வுக்கு அது தேவைப்படும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். செர்ட்ராலின் வகை மருந்துகள் சிறுநீர் மாத்திரையோடு சேர்ந்து இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். எனவே இதய மருத்துவர் தந்த மருந்துச் சீட்டை மனநல மருத்துவரிடமும், அவர் தந்ததை இவரிடமும் காட்ட வேண்டும்.

நோன்பு நாட்களைப் பற்றியும் ஒரு சொல். நீர் விலக்கிய உபவாசத்தில் சிறுநீர் மாத்திரையை வழக்கம்போல் உண்பதும் தீங்கு, தாமே நிறுத்துவதும் தீங்கு. முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். பாரணையில் ஊறுகாயும் அப்பளமும் வேண்டா. அவற்றின் உப்பு, வடிந்த வீக்கத்தை மீண்டும் அழைத்துவரும். உபவாசம் இருக்க முடியவில்லையே என்று ஏங்கும் முதியவரிடம் அதைக் குறையாகச் சுட்டாதிருப்பதும் மருந்துதான்.

செல்லூருக்கு அருகில் அரசு இராசாசி மருத்துவமனையில் இதயப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே மருத்துவமனையில் உள்ளன. மதுரையில் எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநலப் பணி ஆற்றி வருகிறது. வெளியே வர இயலாதவருக்காக, 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் சேவை தமிழிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முதியவர் பேசத் தயங்கினால் வீட்டிலுள்ள மற்றொருவர் முதலில் அழைக்கலாம்.