உள்ளே இருந்து கேட்டவர்



'மதத்தைப் பத்தி வெளியில இருந்து பேசுறவங்களுக்கு என்ன தெரியும்?'னு உங்ககிட்டயும் கேட்டிருப்பாங்க. சரி, உள்ளேயே இருந்து கேட்ட ஒருத்தரைப் பார்ப்போம்.

இராமலிங்க அடிகள். நம்ம வள்ளலார். சிவனை உருகி உருகிப் பாடியவர். அந்தப் பாடல்கள் 1867-ல் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சானதும் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? வேற்று மதத்திலிருந்து இல்லை. தேவாரம், திருவாசகத்துக்குச் சமமாக இதையும் வைப்பதா என்று கொதித்தவர் ஆறுமுக நாவலர், பழுத்த சைவர். அருட்பா இல்லை, மருட்பா என்றார்கள். சண்டை மஞ்சக்குப்பம் கோர்ட் வரைக்கும் போச்சு. ஒரே சாமியைக் கும்பிட்டவங்களுக்குள்ளேயே இந்த நிலைமைன்னா, வேறு சாமி கும்பிடுறவங்க, சாமியே இல்லைங்கிறவங்க கதி என்ன?

1873-ல் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிப் பேசும்போது, தனக்கும் முன்பு சைவத்தின் மேல் அளவில்லாத பற்று இருந்ததை வள்ளலாரே ஒத்துக்கிட்டார். நீங்கள் சைவம், வைணவம் எதிலும் பற்று வைக்காதீர்கள் என்றார். தான் நம்பியதையே கூட்டத்துக்கு நடுவில் இப்படிக் கைவிட, நம்ம மேடைகளில் எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கு?

ஒண்ணு மறைக்காம சொல்லணும். அவருடைய ஞானசபைக்குள் புலால் உண்பவர்கள் போகக் கூடாது. மீன் சாப்பிடுற எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் 1867-ல் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரியுது. அங்கே பந்தியில் உட்கார சாதியும் மதமும் தடையில்லை. வடலூர் போனா, முதல்ல அங்கே ஒரு வேளை சாப்பிடுங்க.