பத்தாயிரம் ரூபாயும் ரெண்டு கையெழுத்தும்

(மதுரையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டிருக்கீங்கன்னு நெனச்சு வந்தேன். சேரியும் சுகாதாரமும் பத்திப் பேசுன்னுட்டாங்க. நான் டாக்டர் இல்ல, பேங்க் கிளார்க். எனக்குத் தெரிஞ்சது பாஸ்புக்கும் கையெழுத்தும்தான். அதுலேருந்தே பேசுறேன்.

2005 ஏப்ரலில் மைய அரசு தேசிய ஊரக சுகாதார இயக்கத்தைத் தொடங்கியது. அதற்குள் ஒரு சின்னத் தொகை இருந்தது. துணை சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், கிராம சுகாதாரக் குழுவுக்கு 10,000 ரூபாய் வரை. இன்ன செலவுக்குத்தான் என்று மேலிருந்து கட்டிப் போடாத பணம். பிளீச்சிங் பவுடர் வாங்கலாம், அவசரத்துக்கு நோயாளியை வண்டி வெச்சு அனுப்பலாம், சுத்துப்புறத்தைச் சுத்தம் பண்ணலாம். சம்பளம் போடக் கூடாது, வாகனம் வாங்கக் கூடாது. நல்ல யோசனைதான், நான் மறுக்கல. எந்தத் தெருவுல சாக்கடை தேங்குதுன்னு டெல்லிக்கு எப்படித் தெரியும்? அந்தத் தெருக்காரிக்குத் தெரியும். துணை நிலையத்துப் பணத்தை எடுக்க அப்ப ரெண்டு கையெழுத்து வேண்டியிருந்துச்சு. ஒன்று கிராம சுகாதாரச் செவிலியர். இன்னொன்று ஊராட்சித் தலைவர்.

இங்கதான் மதுரைக்காரன் கொஞ்சம் நிக்கணும். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனை பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996லிருந்து பத்து வருஷம் தலித் தலைவரை உட்காரவே விடல. மனுப்போட ஆள் வரல, வந்து ஜெயிச்சவரும் உடனே ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் வந்தார்கள். ஆக இந்தத் திட்டம் பிறந்தபோது அந்த ஊர்களில் கையெழுத்துப் போட ஒரு தலித் தலைவர் இல்லை. சுகாதாரத்துல எதுக்குய்யா சாதியக் கொண்டாறேன்னு கேக்குற நண்பர்கள் இதைக் கணக்குல வெச்சுக்கணும்.

2014ல் மதுரைக்குக் கிழக்கே ஒரு கிளையில் இருந்தேன். ரிசர்வ் பஞ்சாயத்து ஒன்றின் தலைவரம்மா வருவாங்க. நாத்து நட்டு வெடிச்ச விரல். கூடவே ஊர்த்தெரு ஆள் ஒருத்தர். பாஸ்புக், செக்புக், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் அவர் மஞ்சப்பைக்குள்ள. அவர் பெஞ்சில் உட்காருவார், அம்மா தூணோரம் நிப்பாங்க. பேனா கைக்கு வரும், கையெழுத்து விழும், பணம் மஞ்சப்பைக்குப் போகும். நானும் கையெழுத்து ஒத்துப் போகுதான்னு பார்த்துட்டு சீல் குத்தினேன். ஒருதரம் இல்ல, மூணு நாலு தரம். சேரியில பிறந்து, பி.காம். படிச்சு, கவிதையில தீயைக் கக்குறவன் கவுன்டருக்குப் பின்னால வாயைத் திறக்கல. இதைச் சொல்லாம அவரை மட்டும் குத்தம் சொன்னா நான் அயோக்கியன்.

ஒருநாள் கேட்டுட்டேன். "அம்மா, இது எதுக்குன்னு எடுக்குறீங்க?" அந்தாள் பதில் சொன்னார், பிளீச்சிங் பவுடருக்குன்னு. "அம்மாவைத்தான் கேட்டேன்" என்றேன். அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "எங்க தெரு தொட்டிக்கு ஒரு கைப்பிடிகூட வரல சார். கொழா அடியில தண்ணி தேங்கிக் கெடக்கு. பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல்" என்றார்கள். கூட வந்தவர் முகம் மாறியது. மேலதிகாரி கூப்பிட்டு, கையெழுத்து சரியா இருந்தா பணம் குடு, ஊர் வம்பு உனக்கு எதுக்குன்னார். சட்டப்படி அவர் சொன்னதும் சரிதான்.

அம்மா அன்னைக்கு செக்கைக் கிழிச்சுப் போடல. சினிமா இல்லையே. ஆறு மாசம் கழிச்சு அவங்க மகள், காலேஜ் படிக்கிற பொண்ணு, கிராமசபையில எந்திரிச்சு வரவு செலவைப் படிக்கச் சொல்லியிருக்கு. கூச்சல், மிரட்டல் எல்லாம் நடந்திருக்கு. ஆனா கணக்கைப் படிச்சாங்க.

இப்ப பணம் போற வழி மாறிடுச்சு, செக்குக்குப் பதிலா கம்ப்யூட்டர். ஆளும் மாறும். 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை ஊராட்சிகளுக்குத் தலைவரே கிடையாது, தனி அலுவலர்தான். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிஞ்சதும் மதுரை மாவட்டத்துல மறுபடி தனி அலுவலர். தலைவர் இல்லாத காலத்துல சேரிக்காக யார் கேட்பா? மாணவத் தோழர்கள் உங்க ஊருக்குப் போறப்ப சுகாதாரக் குழுவில் யார் யார் பேர் இருக்கு, அது கடைசியா எப்பக் கூடுச்சு, எந்தத் தெருவில் செலவு பண்ணுச்சுன்னு தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்க. குடுக்கலைன்னா 2005 தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேளுங்க. மனு எழுதித் தர நான் இருக்கேன், சனிக்கிழமை சாயங்காலம் வாங்க.

அந்த அம்மா அடுத்த தடவை தனியா வந்தாங்க. பாஸ்புக்கை பாலிதீன் பையில சுத்தி இடுப்புல செருகியிருந்தாங்க. கொழா அடிக்குச் சிமெண்டும் உறிஞ்சு குழியும் போடணுமாம். பெஞ்சில் உட்கார்ந்து, "தம்பி, எம்புட்டு இருக்கு பாரு" என்றார்கள். அதுவரைக்கும் நான் சாரா இருந்தேன்.