வேலை முடியும் நேரத்தைச் சொல்லுங்கள்



ஒன்பது மணிக்கு உள்ளே போய் ஆறு மணிக்கு வெளியே வருகிற அலுவலக நேரம் இந்தக் காலத்துக்குப் பொருந்துமா என்று நாடு முழுக்க விவாதம் நடக்கிறது. முதலாளிகள் பொருந்தாது என்கிறார்கள். நானும் பொருந்தாது என்றுதான் சொல்கிறேன். அவர்கள் சொல்லும் காரணம் வேறு. நான் சொல்லும் காரணம் வேறு.

மத்திய கைலாஷில் தொடங்கி சிறுசேரி வரைக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் எத்தனை கட்டடங்கள்! அத்தனையும் ஒரே நேரத்தில் ஆளை உள்ளே இழுக்கின்றன, ஒரே நேரத்தில் வெளியே தள்ளுகின்றன. அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வருகிறவர்கள் போகவும் வரவும் நாளில் பல மணி நேரத்தைப் பஸ்ஸிலும் கம்பெனி வேனிலும் கரைக்கிறார்கள். அந்த நேரம் சம்பளக் கணக்கிலும் சேராது, ஓய்வுக் கணக்கிலும் சேராது. பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு மூச்சுவாங்க ஓடிவருகிற தாய் பத்து நிமிடம் பிந்திவிட்டால், கைரேகைப் பதிவு இயந்திரம் அவளுக்கு அரை நாள் விடுப்பைப் போட்டுவிடுகிறது. அவள் செய்யும் வேலையோ பத்து மணிக்கும் செய்யலாம், பதினொன்றுக்கும் செய்யலாம். தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்து வாங்கப் போகும் கட்டடத் தொழிலாளி அன்றைய கூலியை இழந்துதான் போகிறார். அவர் வேலை பார்க்கும் நேரமும் அந்த அலுவலகம் திறந்திருக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதுதான் காரணம். இப்படிப்பட்ட நேரக் கட்டுப்பாட்டை நான் ஏன் கட்டிக் காக்க வேண்டும்? வேலை தொடங்கும் நேரத்தைத் தாராளமாக மாற்றுங்கள். ஏழு மணிக்கு வருகிறவர் ஏழுக்கு வரட்டும், பதினொன்றுக்கு வருகிறவர் பதினொன்றுக்கு வரட்டும்.

ஆனால் வேலை முடியும் நேரம் என்று ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். அது யாரும் நமக்கு இனாமாகத் தந்ததல்ல.

1918 ஏப்ரலில் இதே சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முயற்சி எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். பெரம்பூர் பக்கத்து பி அண்ட் சி மில் தொழிலாளர்கள்தான் அதன் உயிர். அன்றைய சட்டப்படி நூல் ஆலையில் ஓர் ஆண் தொழிலாளியை நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம். அந்த மனிதர்கள் ஆரம்பத்தில் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பாட்டு இடைவேளையைக் கொஞ்சம் நீட்டுங்கள் என்பது! வாயில் போட்ட சோற்றை மென்று விழுங்க நேரம் கேட்டுச் சங்கம் கட்டிய ஊர் இது.

அடுத்த ஆண்டு, 1919-ல், வாஷிங்டனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு கூடியது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று முதல் ஒப்பந்தம் எழுதினார்கள். அதே ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் தனி விதி போட்டார்கள்: இங்கே 60 மணி நேரம்! மற்ற நாட்டுக்காரன் உடம்பு 48 மணி நேரத்தில் களைத்துவிடும், இந்தியன் உடம்பு 60 வரைக்கும் தாங்கும் என்பதுபோல எழுத்திலேயே வைத்தார்கள் தோழர்களே. 1922-ல் அந்த 60 இங்கே சட்டமானது. 1923 மே முதல் தேதி தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும் மே தினக் கூட்டம் நடத்தினார். இந்தியாவில் அதற்கு முன் மே தினம் கொண்டாடியதில்லை. 1934-ல் 60 என்பது 54 ஆனது. 1946-ல்தான் 48. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அண்ணல் அம்பேத்கர் வைத்திருந்த காலத்தில் நடந்த மாற்றம் அது. அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு இறங்க இருபத்து நான்கு ஆண்டுகள்!

அவர்கள் வாங்கித் தந்த எட்டு மணி நேரம் ஒரு கூரை. அதற்கு மேல் யாரும் ஏற்றக் கூடாது. இன்று அந்தக் கூரையைத் தரையாக்கிவிட்டார்கள். எட்டு மணி நேரம் முழுசாக உழைத்துவிட்டுப் பையை எடுக்கிற பையனைப் பார்த்து, "என்னப்பா, அதுக்குள்ள கிளம்பிட்டியா?" என்று கேட்கிறார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். எட்டு மணி நேரம் வேலை பார்த்தவன் ஏன் தலையைக் குனிய வேண்டும்?

2023 ஏப்ரல் 21 உங்களுக்கு மறந்திருக்காது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் அன்று நிறைவேற்றியது. என்ன நியாயம் சொன்னார்கள்? நாளைக்கு 12 மணி, வாரத்துக்கு நான்கு நாள், மூன்று நாள் விடுமுறை, தொழிலாளி விரும்பினால் மட்டும் என்றார்கள். கேட்க எவ்வளவு இனிமை! ஆலை வாசலில் நிற்கிற ஒப்பந்தத் தொழிலாளி, "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டு மறுநாள் உள்ளே போக முடியுமா? அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, சங்கங்கள் கொடி பேதமில்லாமல் எழுந்து நின்றன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பத்து நாளை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அதற்கு மூன்றாண்டு முன்னால், கொரோனாவைக் காரணம் காட்டி, குஜராத் அரசு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் என்று அறிவித்தது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளமும் கிடையாதாம். 2020 அக்டோபர் முதல் தேதி உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பைத் தூக்கி எறிந்தது. தொற்றுநோயைச் சாக்கிட்டே செல்லாத காரியத்தை இப்போது நாட்டு வளர்ச்சியைச் சாக்கிட்டுக் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் இன்னொரு பெரும் நிறுவனத் தலைவரின் பேச்சு வெளியே வந்தது. அவருக்கு 90 மணி நேரம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும்.

கணக்குப் போடுவோம். தொண்ணூறை ஏழால் வகுத்தால் நாளைக்குப் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேல். போக்குவரத்துக்கு இரண்டரை மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்தேகாலுக்கும் மேல் ஆகிவிட்டது. தூக்கத்துக்கு ஏழு மணி. மிச்சம் ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லை. அதற்குள் குளிக்க வேண்டும், சமைக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும். இது மனிதன் வாழ்கிற வாழ்க்கையா?

அந்தச் சமையல் யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நடத்திய கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளைக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு! 70, 90 என்று பேசுகிறவர்களின் கணக்கில் பின்னால் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் எப்போதும் நிற்கிறாள். அந்தப் பெண்ணே வேலைக்குப் போனால் அவளுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. அவள் வேலையை விடுகிறாள்.

உடம்பு என்ன ஆகும்? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு, 2016 என்ற ஒரே ஆண்டில் வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பதோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 7,45,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டது. ஐம்பத்தைந்திலேயே இந்த நிலை!

இங்கே கணினித் துறைத் தம்பி தங்கைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் நிலைமை தனி. நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் அவர்கள் கோடையில் நமக்கு இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. சான்பிரான்சிஸ்கோவில் பத்து என்றால் நமக்கு இரவு பத்தரை, பதினொன்றரை. அந்த ஊர்க்காரர் காபி குடித்துக்கொண்டே கூப்பிடுகிறார், நீங்கள் தூங்கப் போன பிள்ளையின் அறைக் கதவைச் சாத்திவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். சரி, உலக வேலை அப்படித்தான் என்றே வைத்துக்கொள்வோம். இரவு பதினொன்றரைக்கு மீட்டிங் வைத்தவர் மறுநாள் மதியம் வரை உங்களை விட்டுவிட வேண்டாமா? காலை ஒன்பதரைக்கு அடுத்த மீட்டிங்! நேரம் வளைகிறது என்கிறார்களே, அது ஏன் ஒரு பக்கமாகவே வளைகிறது?

சட்டத்தைக் காட்டலாம் என்று போனால் அங்கேயும் ஒரு பள்ளம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் நாளைக்கு 8, வாரத்துக்கு 48 என்ற வரம்பை எழுத்தில் வைத்திருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றும் சொல்கிறது. ஆனால் யாருக்கு? தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவருக்கு. நிர்வாகப் பணியில் இருப்பவர் அதில் வரமாட்டார். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவரும் வரமாட்டார். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு டீம் லீட் என்று பட்டம் கொடுத்தாயிற்று. சம்பளம் ஏறியதோ இல்லையோ, வேலை முடியும் நேரம் போய்விட்டது. இந்த வரையறை உடைய வேண்டும். களைப்புக்குப் பதவி தெரியாது.

வரம்பு வைத்தால் தொழில் படுத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 பேருக்குச் சம்பளத்தைக் குறைக்காமல் வார வேலையை 40 மணியிலிருந்து 35, 36 மணிக்குக் குறைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் வேலையின் அளவும் தரமும் இறங்கவில்லை. சின்ன நாடு, அதை வைத்து நமக்குச் சட்டம் எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். நம் மாநிலத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் தமிழக அரசு கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணையிட்டது. கூடவே, ஓர் ஊழியருக்கு நாளைக்கு 8 மணி நேரம்தான் என்றும் எழுதியது. கடைக்கு ஒரு நேரம், ஆளுக்கு ஒரு நேரம்! நான் கேட்பது இந்தப் பிரிவினையைத்தான். காகிதத்தில் இருப்பது கடையில் இல்லை என்பது அடுத்த சண்டை. ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காருவதற்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியே 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்த மாநிலம் இது. எழுதியதை அமல்படுத்த ஆய்வாளர்கள் வேண்டும், அவர்கள் கையில் நேரப் பதிவேடு வேண்டும்.

வேலை நேரம் முடிந்த பிறகு வரும் போனை எடுக்காமலிருக்கும் உரிமையும் வேண்டும். பிரான்சில் 2017-லிருந்து இதற்குச் சட்டம் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 2024-லிருந்து இருக்கிறது. நம் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் சுப்ரியா சுலே இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்திருக்கிறார். நம் தொகுதி உறுப்பினர்களை நேரில் பார்த்து, நீங்கள் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

ஒரே ஒரு வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். இந்த மாதம் முழுக்க, எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு முடித்தீர்கள், அதற்குப் பிறகு எத்தனை முறை போன் வந்தது என்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கம்பெனியின் இயந்திரம் நீங்கள் உள்ளே வந்த நேரத்தைத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்க்கும்; வெளியே போன நேரத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். மாதக் கடைசியில் அந்த நோட்டுகளைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள், பெயர் வெளியே வராது. அத்தனையையும் கட்டி எடுத்துக்கொண்டு தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போகிறோம். அன்றைக்கு இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் கூட வர வேண்டும்.