எல்லை தெரியாமல் கையெழுத்து எப்படி விழுந்தது?

வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி இந்தப் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நண்பர்களே! தென்சென்னையின் பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடித் திட்டம் ஒன்றுக்கு, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ அனுமதி கொடுத்தது. அந்த இடம் பள்ளிக்கரணை ராம்சார் சதுப்பு நிலத்துக்குள் வருகிறது என்று 2025 அக்டோபரில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் குற்றம் சாட்டியது. எதிர்க்கட்சிகள் அறிக்கை விட்டன. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், இடைக்காலத் தடையும் வந்தது. அரசுத் தரப்பு சொன்ன பதில் இதுதான்: அது பட்டா நிலம், ராம்சார் எல்லை களத்தில் அளந்து இன்னும் உறுதியாகவில்லை. யார் யாருக்கு எவ்வளவு போனது என்ற பேச்சை நான் எடுக்கப் போவதில்லை. அதற்கு என்னிடம் சான்று கிடையாது. அவர்கள் சொன்ன பதிலே எனக்குப் போதும். எல்லை உறுதியாகவில்லை என்றால் எந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்?

1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான ஈரநிலப் பாதுகாப்பு உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, அதன் பட்டியலில் சேரும் ஒவ்வொரு ஈரநிலத்தின் எல்லையையும் துல்லியமாக விவரித்து வரைபடத்திலும் குறிக்க வேண்டும் என்கிறது. 2022இல் பள்ளிக்கரணை அந்தப் பட்டியலில் ஏறியது. பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். கணக்கு இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, எல்லை மட்டும் இல்லையாம்! மேடையின் நீள அகலம் தெரியாமல் பந்தல்காரர்கூட ஷாமியானா கொண்டுவர மாட்டார். சரி, வரைபடத்துக் கோட்டைச் சர்வே எண்ணோடு பொருத்துவது நுணுக்கமான வேலை, காலம் பிடிக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த வேலை முடியும்வரை பேனாவை மூடி வைப்பதுதானே முறை? சந்தேகத்தின் பலன் கட்டடத்துக்குப் போய், தண்ணீருக்குப் போகாமல் நிற்பது என்ன நியாயம்? 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளோ, கடந்த பத்தாண்டுகளில் காணப்பட்ட சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன. எல்லைக்கு வெளியே இருக்கிறோம் என்று சொல்வதற்கே முதலில் அளந்திருக்க வேண்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில், சதுப்பு நில ஆய்வு முடியும்வரை ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் அனுமதி தராதே என்று சிஎம்டிஏவுக்குச் சொல்ல நேர்ந்தது. நீதிமன்றப் படி ஏறாமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

பட்டா நிலமாயிற்றே என்கிறார்கள். பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும்; அதில் என்ன கட்டலாம் என்று சொல்லாது. சொல்லுமானால் நகர் ஊரமைப்புச் சட்டம் எதற்கு, சிஎம்டிஏ எதற்கு? தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரி நீர் இந்தக் கழுவெளியில் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர்கிறது. அந்தத் தண்ணீர் பட்டாவைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் அது எந்தத் தெருவில் ஏறியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சனங்களுக்கு வீடு வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும். ஆனால் அந்த வாதத்தை வைத்துத்தான் நகரத்தின் குடிசைகளைப் பெயர்த்து செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுவந்து வைத்தார்கள். மழை வந்தபோது முதலில் மூழ்கியதும் அந்தக் குடிசை மக்கள்தான். அதில் திமுக, அதிமுக என்ற இரண்டு கழகங்களின் ஆட்சிக்கும் பங்குண்டு. சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டியதும், நிறுவனங்களுக்கு இடம் கொடுத்ததும் இரு தரப்பும்தான். இன்று சதுப்பு நிலத்துக்காகக் கண்ணீர் விடும் எதிர்க்கட்சிக்கும் பழைய கோப்புகள் உண்டு. அதற்காக இந்தக் கோப்பு சுத்தமாகிவிடாது. நேற்றைய தவறு இன்றைய தவறுக்கு அனுமதிச் சீட்டு அல்ல.

முன்பணம் கட்டியவர்கள் கதி என்ன என்ற கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. கொச்சியை அடுத்த மரடில் அடுக்குமாடிகளுக்கு உள்ளாட்சி அனுமதி கொடுத்தது. கட்டினார்கள், விற்றார்கள், குடியேறினார்கள். கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியவை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அனுமதிக் கடிதம் வைத்திருந்தவர்களை அந்தக் கடிதம் காப்பாற்றவில்லை. ஆகவே வாங்குகிறவரின் நண்பன், அவசரமாக ஒப்பம் இடுகிற அதிகாரி அல்ல. அளக்காமல் தரமாட்டேன் என்று தாமதிக்கிற அதிகாரிதான். வளர்ச்சிக்குத் தடை என்று பில்டர்கள் திட்டட்டும்.

நாம் கேட்பது அதிகமில்லை. ராம்சார் எல்லையைச் சர்வே எண் வாரியாகத் தமிழில் அச்சிட்டு, பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர் கிராம நிர்வாக அலுவலகங்களின் சுவரில் ஒட்டுங்கள். ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளில் அந்தக் கோட்டுக்குள் வருபவை எவை என்பதையும் அதே தாளில் போடுங்கள். அதுவரை புதிய அனுமதி எதுவும் கூடாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கொடியோடு வந்தாலும், வாசலிலேயே நிறுத்தி அந்த வரைபடத்தைக் கேளுங்கள்.