அளப்பவர் யார்?

என் சிறுவயதில், எங்கள் ஊர்க் களத்தில் நெல்லுக்கு உரியவர் தம் கையால் அளந்து விற்றதை நான் கண்டதில்லை. மரக்காலைப் பிடிப்பதற்கென்றே வேறொருவர் இருப்பார். விற்பவர் நேர்மையற்றவர் என்பது அதற்குக் காரணமன்று. வாங்குபவர் மனத்தில் ஐயம் எழலாகாது என்பதே காரணம். கல்விக்கும் இவ்வழக்கம் பொருந்துமா? இங்கிலாந்து இதற்கு விடை தேடிய வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1997-ஆம் ஆண்டு அங்கே தகுதி, பாடத்திட்ட ஆணையம் தோன்றியது. பள்ளிகளில் எதைக் கற்பிப்பது என்று அரசுக்கு அறிவுரை கூறுவதும், தேர்வு வாரியங்களைக் கண்காணிப்பதும் ஆகிய இரண்டும் அதன் பணிகள். மதிப்பெண்கள் ஆண்டுதோறும் உயர்ந்தபோது, மாணவர் முன்னேறினரா, தேர்வு எளிதாயிற்றா என்ற வாதம் ஓயவில்லை. பாடத்திட்டத்தை வளர்த்தவரே 'தரம் குறையவில்லை' என்று சான்று கூறினால், உலகம் எளிதில் நம்புமா? 2002-இல் வேறொரு புகார் எழுந்தது. பல்கலைக்கழகம் புக உதவும் 'ஏ லெவல்' தேர்வில் மதிப்பீடு நியாயமற்ற முறையில் குறைக்கப்பட்டது என்றனர். விசாரணைக்குப் பின் ஏறத்தாழ 2000 மாணவர்களின் தரநிலை உயர்த்தப்பட்டது.

2007-இல் இரு பொறுப்புகளையும் பிரிப்பதாக அரசு அறிவித்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2010 ஏப்ரலில் 'ஆஃப்குவால்' என்னும் ஒழுங்குமுறை அமைப்பு தனித்து நின்றது. அது நாடாளுமன்றத்திற்கு நேரே பொறுப்புடையது. பாடத்திட்டம் வளர்க்கும் பணி வேறொரு முகமையிடம் சென்றது. ஆனால், 2010 மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு அம்முகமையைக் கலைக்க முடிவு செய்தது. 2012-இல் அது மூடப்பட்டது. பாடத்திட்டப் பொறுப்பு கல்வித்துறையிடமே திரும்பியது. அளப்பவர் மட்டும் தனியே நிலைத்தார்.

பிரித்துவிட்டால் போதுமா? 2020-இல் கொள்ளைநோயால் தேர்வுகள் நின்றன. ஆசிரியர் தந்த மதிப்பீடுகளை ஆஃப்குவால் ஒரு கணக்கு முறையால் திருத்தியது. முந்தைய ஆண்டுகளின் முடிவுகளோடு ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பள்ளியின் பழைய தேர்ச்சி, இன்றைய மாணவரின் தரத்தைத் தீர்மானித்தது. ஏ லெவலில் ஆசிரியர் மதிப்பீடுகளுள் 100-க்கு ஏறத்தாழ 40 குறைக்கப்பட்டன. ஆகஸ்டு 13-இல் வெளிவந்த முடிவுகளைக் கண்டு மாணவர்கள் தெருவில் இறங்கினர். நான்கே நாளில் அம்முறை கைவிடப்பட்டது.

களத்து நெல்லை அளக்காமல், சென்ற ஆண்டு விளைச்சலைப் பார்த்து மூட்டையை எண்ணியது போன்ற பிழை அது! அளப்பவர் தனித்திருத்தல் நன்று; ஆனால் அது பாதி அறமே. அளவை எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். பிழை நேர்ந்தால் முறையிட ஓர் இடமும் வேண்டும்.

நண்பர்களே, நாளை உங்கள் கையிலும் மதிப்பெண் பட்டியல் வரும். அதைக் கண்டு மகிழுங்கள், அல்லது வருந்துங்கள். ஆனால், 'இதை அளந்தவர் யார்? எவ்வாறு அளந்தார்?' என்று பணிவோடு கேட்கவும் தயங்காதீர்கள். அக்கேள்வியும் கல்வியின் ஒரு பகுதியே.