மாற்றுத் துணி இருக்கிறதா?

ராமேஸ்வரத்துக்கு ஒருநாள் போய்வரலாம் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் பையில் முதலில் மாற்றுத் துணியை எடுத்து வையுங்கள்.

அங்கே வழிபாடு தண்ணீரோடு கலந்தது. கோயிலுக்குக் கிழக்கே இருக்கிற கடல்தான் அக்னி தீர்த்தம். அதில் முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட உள்ளே வந்தால் 22 தீர்த்தங்கள். பெரும்பாலும் கிணறுகள். வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். ஆனால் ஈர உடையோடு சன்னதிக்குப் போகக்கூடாது. உடை மாற்றிக்கொண்டுதான் சுவாமி தரிசனம்.

ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலையில் நடக்கும். அது வேண்டுமென்றால் முதல்நாள் இரவே ஊரில் தங்கிவிடுவது நல்லது. மூன்றாம் பிரகாரத்தை அவசரமில்லாமல் சுற்றுங்கள். சுமார் 1,200 தூண்கள் வரிசையாக நிற்கும் அழகு, ஓடுகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

வெயில் தாழ்ந்ததும் தனுஷ்கோடி. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். 1964 டிசம்பரில் வந்த புயல் அந்த ஊரையே அழித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் பயணிகளோடு கொண்டுபோனது. இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள்.

காலையில் நம்மைக் குளிப்பாட்டிய கடல், ஓர் ஊரையே வாரிக்கொண்ட கடலும்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்புகிறவர் மனத்தில் பணிவு கொஞ்சம் கூடியிருக்கும். பிரசாதத்தோடு அதையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.