சக்கரம் பெரிதாகலாம், வட்டம் பெரிதாகக் கூடாது



பழையவற்றைப் பேணுவது பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் வீடு, நகை, புத்தகம் என்று சொன்னார்கள். நான் சற்று மாறுபட்டு, பழைய ஸ்போர்ட்ஸ் கார் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் பொறியாளன் அல்ல. கேள்வி கேட்பது என் தொழில். கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு கார் போதும். டட்சன் 240இசட். இந்த வரிசைக் கார்களை நிசான் நிறுவனம் 1969-இல் ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். கிழக்காப்பிரிக்காவின் புகழ்பெற்ற சஃபாரி பந்தயத்தை 1971-இலும் 1973-இலும் வென்றது இந்தக் கார்தான். 1973-இல் ஓட்டி வென்றவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சேகர் மேத்தா.

இப்படிப்பட்ட காரைத் தேடிப் பிடித்து, சாயம் பூசி, இன்ஜினைச் சரிசெய்த பிறகு உரிமையாளருக்கு அடுத்த ஆசை வருகிறது. பெரிய ரிம் போட வேண்டும்! ஆசையில் தவறில்லை. அசல் ரிம் 14 அங்குலம். அகலமோ நாலரை அங்குலம்தான். தரமான 14 அங்குல டயர்களில் தேர்வும் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே, மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. எப்படி மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

முதல் விதி இது: ரிம் பெரிதாகலாம், டயரின் வெளிவட்டம் பெரிதாகக் கூடாது. அசல் டயர் 175 அளவு. அதன் வெளி விட்டம் ஏறக்குறைய 635 மில்லிமீட்டர். 16 அங்குல ரிம்மில் 205/55 டயர் போட்டால் 632. 17 அங்குலத்தில் 225/45 போட்டால் 634. இரண்டும் கணக்கில் பொருந்துகின்றன. அதே 16 அங்குலத்தில், மலிவாகக் கிடைக்கிறது என்று 225/60 போட்டால்? 676! காரின் வேகமானி 100 காட்டும்போது, உண்மையில் நீங்கள் 106-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். பிரேக் பிடிக்கும் வலுவும் அந்த அளவுக்குக் குறையும்.

கணக்கு பொருந்தினால் போதுமா? போதாது. நாலரை அங்குல ரிம்முக்குப் பதில் ஏழு அங்குலம் போடுகிறோம். கூடுதலான இரண்டரை அங்குலம் எங்கே போகும்? உள்ளே போனால், ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் டயர் உரசும். வெளியே வந்தால் மட்கார்டு ஓரத்தில் உரசும். ரிம்மின் 'ஆஃப்செட்' என்ற அளவு தீர்மானிப்பது இதைத்தான். ரிம்மை வெளியே தள்ளத் தள்ள, பேரிங் மீது பளு கூடும். ஸ்டீயரிங் கையில் உதைக்கும். இந்தக் காருக்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். நேராக நிற்கும் காரில் அளந்தாலும் போதாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும், சஸ்பென்ஷனை அமுக்கியும் பார்க்க வேண்டும்.

அடுத்து, நட்டு. 240இசட் காரின் சக்கரத்தில் நான்கு துளைகள், 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கின்றன. அதே இடைவெளி கொண்ட வேறு நிறுவன ரிம் கடையில் கிடைக்கும். ஆனால், அதனுடன் வரும் நட்டின் மரை வேறாக இருக்கலாம். நிசானுக்கு 1.25, டொயோட்டா, ஹோண்டா கார்கள் பலவற்றுக்கு 1.5. முதல் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். கருவி வைத்து முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். அப்படிப் பிடித்த சக்கரம் நெடுஞ்சாலையில் கழன்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹாஃப்-கட் கடைகளில் பழைய ரிம்முடன் டயரும் சேர்த்தே கிடைக்கும். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். நம் ஊர் மழையையும் எண்ணிப் பாருங்கள். எடை குறைந்த காரில் அகல டயர், தேங்கிய நீர் மேல் எளிதாக மிதக்கும். உலர்ந்த சாலையில் ஒட்டிக்கொண்டு ஓடிய கார், சாயங்கால மழையில் வேறு காராகிவிடும்.

"அப்படியானால் மாற்றவே கூடாதா?" என்று இளைஞர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மாற்றுங்கள். என் கருத்தில் இந்தக் காருக்கு 15 அல்லது 16 அங்குலம் தாராளம். 17 போனால் டயரின் பக்கச் சுவர் 140 மில்லிமீட்டரிலிருந்து 101-ஆகக் குறைகிறது. சாலைக் குழியின் அடியை இதுவரை வாங்கிக்கொண்டது அந்த ரப்பர். இனி அதை ஐம்பது ஆண்டு பழைய இரும்பு வாங்கும். எனவே புது ரிம் வாங்கும் பணத்தில் முதலில் பேரிங், புஷ், பிரேக் ஆகியவற்றைப் புதுப்பியுங்கள். மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் விதிமுறை கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கழற்றிய அசல் ரிம் நான்கையும் விற்றுவிடாதீர்கள். நாளை அந்தக் காரின் மதிப்பைச் சொல்லப்போவது அவைதான்.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். 240இசட் காரில் இரண்டே இருக்கைகள். ஒன்று உங்களுக்கு. மற்றொன்றில் உங்கள் அம்மா உட்காரலாம், மனைவி உட்காரலாம், பிள்ளை உட்காரலாம். ரிம்மின் பளபளப்பைச் சாலையில் போகிறவர்கள் பார்ப்பார்கள். அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை அந்த இருக்கையில் இருப்பவர் பார்க்க முடியாது. உங்களை நம்பித்தான் ஏறுகிறார். அந்த நம்பிக்கைக்கு ஏற்ற அளவே சரியான அளவு.